க்ரூசர் பைக் வாங்கலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய பாணி க்ரூசர் பைக்கைப் பெரும்பாலோர் முதலில் வாங்குவது கண்ணால்தான். தாழ்ந்த சீட், நீர்த்துளி வடிவ டேங்க், பளபளக்கும் சைலன்சர், பின்னோக்கி வளைந்த ஹேண்டில்பார். ஷோரூம் வெளிச்சத்தில் இதையெல்லாம் பார்த்து மனம் இளகாதவர்கள் குறைவு. அழகுக்காக வண்டி வாங்குவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. பூட்டிவிட்டு நடக்கும்போது ஒருமுறையாவது திரும்பிப் பார்க்க வைக்காத வண்டியை எதற்கு வாங்க வேண்டும்? ஆனால் அந்த அழகுக்காக எவ்வளவு சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். பணம் கட்டும் முன்பே அதைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

க்ரூசரை அதன் நல்ல நேரத்தை வைத்து எடை போடாதீர்கள். வளைவில்லாத சாலை, இதமான வெயில், 80 கி.மீ. வேகம் என்றால் எந்த க்ரூசரும் அருமையாகத்தான் இருக்கும். வண்டி ஓட்டுவதில் உங்கள் வாரத்தின் மிக மோசமான கால்மணி நேரம் எது? நெரிசலில் ஊர்ந்து போவதா, குண்டும் குழியுமான தெருவா, நெருக்கமான பார்க்கிங்கில் வண்டியைத் திருப்பி எடுப்பதா? அந்தக் கால்மணி நேரத்தில் இந்த வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று பாருங்கள். கீழே உள்ள படிகள் எல்லாமே அதைக் கண்டுபிடிக்கத்தான்.

படி 1: வாங்கப் போவது க்ரூசர்தானா?

"ரெட்ரோ பைக்" என்ற பெயரில் மூன்று வேறு வேறு வண்டிகளை மக்கள் கலந்து பேசுகிறார்கள். முதல் வகை, நிஜமாகவே பழைய வண்டி. இரண்டாவது, பழைய தோற்றம் கொண்ட ரோட்ஸ்டர். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ட்ரையம்ஃப் பொன்னெவில் டி120 எல்லாம் இந்த வகை. தோற்றம் பழையது, ஆனால் கால்கள் உடம்புக்கு நேர் கீழே வரும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். மூன்றாவதுதான் க்ரூசர். சீட் தாழ்வு, கால்கள் முன்னே நீளும், சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகம், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்திருக்கும். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350, சூப்பர் மீட்டியோர் 650, ஹோண்டா ரெபெல், கவாசாகி வல்கன் எஸ், இந்தியன் ஸ்கௌட், ஹார்லி-டேவிட்சனின் சாஃப்டெயில் வரிசை எல்லாம் இதில் சேரும்.

இந்தத் தோற்றம் வந்தது அமெரிக்காவில் 1930-களிலிருந்து 1960-கள் வரை ஓடிய பெரிய வண்டிகளிடமிருந்து. நீண்டு நேராகப் போகும் சாலைகளுக்காக வளர்ந்த வடிவம் அது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிய நிறுவனங்களும் இதில் இறங்கின. யமஹா விராகோ 1981-இலும் ஹோண்டா ஷேடோ 1983-இலும் வந்தன. 1984-இல் ஹார்லி சாஃப்டெயிலைக் கொண்டுவந்தது. பின் ஷாக் அப்சார்பரை வண்டிக்கு அடியில் ஒளித்து வைத்து, பின்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத அந்தக் கால வண்டிச் சட்டகம் (ஃப்ரேம்) போலத் தெரியும்படி செய்தார்கள். தோற்றத்துக்காக இயந்திர அமைப்பையே மாற்றுவது இந்த வகை வண்டிகளின் ரத்தத்தில் இருக்கிறது. வாங்கும்போது இதை மனதில் வையுங்கள். கண்ணுக்கு அழகாக இருக்கும் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு விலை உண்டு: தாழ்ந்த சீட்டுக்குச் சஸ்பென்ஷன் குறையும், சிறிய டேங்குக்கு ஓடும் தூரம் குறையும், அகலமான பின் டயருக்கு வளைவில் லாகவம் குறையும்.

உங்களுக்குப் பிடித்தது தோற்றம் மட்டும்தான் என்றால், ரோட்ஸ்டரே போதுமா என்று இந்தக் கட்டத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். க்ரூசர் வாங்க நினைக்கும் பலருக்கு உண்மையில் வேண்டியது அதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். கால் நீட்டி, மெதுவாக, தூரமாகப் போகும் அந்த ஓட்டமே பிடித்திருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

படி 2: உங்கள் வாரத்தை எழுதிப் பாருங்கள்

கனவில் போகும் மலைப்பயணத்தை விட்டுவிட்டு, கடந்த மாதம் நிஜமாகவே ஓட்டிய ஓட்டங்களை ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு தூரம், என்ன சாலை, தனியாகவா, பின்னால் ஆள் உண்டா, வண்டியை எங்கே நிறுத்தினீர்கள். பெரும்பாலோருக்குப் பத்தில் ஏழெட்டு ஓட்டம் வேலைக்குப் போய்வருவதாகத்தான் இருக்கும்.

க்ரூசரின் வடிவம் இங்கேதான் மோதுகிறது. ஃபோர்க் சாய்வை ரேக் கோணம் என்பார்கள். ஸ்போர்ட்ஸ் பைக்கில் இது 24 டிகிரி அளவில் இருக்கும். ஹோண்டா ரெபெல் 500-இல் 28. பெரிய க்ரூசர்களில் 30-ஐத் தொடும், சிலவற்றில் தாண்டும். கோணம் கூடக் கூட வேகத்தில் வண்டி ஆடாமல் நேராகப் போகும். ஆனால் மெதுவாகத் திருப்பும்போது முன்சக்கரம் தானாக உள்பக்கம் சரியப் பார்க்கும். நீளமான வண்டி என்பதால் திரும்ப இடமும் அதிகம் வேண்டும். நெடுஞ்சாலையில் சொர்க்கமாக இருக்கும் அதே அமைப்பு, கார்களுக்கு நடுவே புகுந்து போகும்போது தோளைப் பிடுங்கும்.

அதற்காக நெரிசலான ஊரில் இருப்பவர்கள் க்ரூசர் வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. எடை 200 கிலோவுக்குள், ரேக் 26 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும் நடுத்தர வண்டிகள் இந்தச் சிரமத்தை வெகுவாகக் குறைத்துவிடும். மீட்டியோர் 350-இல் ரேக் 26 டிகிரி, எடை 191 கிலோ. அது ஊருக்குள்ளும் பிழைக்கும் க்ரூசர். 300 கிலோ வண்டியை வைத்துக்கொண்டு தினமும் நெரிசலில் போவது வேறு கதை.

படி 3: உட்காருங்கள், உடனே எழுந்திருக்காதீர்கள்

ஷோரூமில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் எல்லா க்ரூசரும் சோஃபா மாதிரி இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை நம்பி எடுக்கிற முடிவுதான் பின்னால் முதுகுவலியாக வரும்.

முதலில் சீட் உயரம். வல்கன் எஸ்-இல் 705 மி.மீ., ரெபெலின் 300, 500 இரண்டிலும் 690, ஸ்கௌட்டில் 650 அளவு. மீட்டியோர் 350-இல் 765. ஒப்பிட, கிளாசிக் 350-இல் 805. குள்ளமானவர்களுக்கும் புதிதாக ஓட்டுபவர்களுக்கும் இது பெரிய வரம். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தால் பாதி பயம் போய்விடும். உயரமானவர்களுக்கு இதே தாழ்வு தொந்தரவாகலாம், முழங்கால் இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும்.

அடுத்து கால் வைக்கும் இடம். ஃபுட்பெக் கொஞ்சம் முன்னால் இருந்தால் நடு அமைப்பு, கால் நேராக நீளும் அளவு முன்னால் இருந்தால் முன் அமைப்பு. புகைப்படத்தில் முன் அமைப்புதான் கம்பீரம். உடம்புக்கு அப்படி இல்லை. கால் முன்னே நீண்டுவிட்டால் உங்கள் எடை முழுக்க வால் எலும்பில் இறங்கும். பள்ளம் வரும்போது கால் ஊன்றி உடம்பைச் சீட்டிலிருந்து லேசாகத் தூக்கவும் முடியாது. இந்த ஒரு விஷயத்தை வாங்குபவர்கள் சரியாக யோசிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாரண வண்டியில் குழியைப் பார்த்ததும் நாம் அறியாமலேயே பெடலில் காலை அழுத்தி எழும்புகிறோம். முழங்காலே ஒரு ஷாக் அப்சார்பராக வேலை செய்கிறது. க்ரூசரில் அது இல்லை. கூடவே, தாழ்ந்த சீட்டுக்காகப் பின் சஸ்பென்ஷன் மேலும் கீழும் நகரும் தூரத்தையும் குறைத்திருப்பார்கள். கரடுமுரடான பாதைக்கான அட்வென்ச்சர் வண்டிகளில் இது 200 மி.மீ. அளவுக்குப் போகும். சூப்பர் மீட்டியோர் 650-இல் பின்பக்கம் 101 மி.மீ., ட்ரையம்ஃப் பாபரில் 77, ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர் எஸ்-இன் முதல் பதிப்பில் சுமார் 50 மட்டுமே. முழங்காலும் உதவாது, ஸ்பிரிங்கும் குறைவு என்றால் மிச்ச அதிர்ச்சியெல்லாம் முதுகெலும்புக்குத்தான். உங்கள் சாலைகள் மோசமாக இருந்தால் அல்லது முதுகில் ஏற்கெனவே பிரச்சினை இருந்தால், கம்பெனி விளம்பரத்தில் குதிரைத்திறன் எவ்வளவு என்று தேடுவதற்கு முன் இந்த மி.மீ. எண்ணைத் தேடுங்கள்.

வல்கன் எஸ்-இல் ஃபுட்பெக்கை மூன்று நிலைகளில் மாற்றி வைக்கும் வசதி உண்டு. இப்படி உடம்புக்கு ஏற்ப மாற்றக்கூடிய வண்டி கிடைத்தால் அதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

கை எட்டும் தூரத்தையும் பாருங்கள். ஹேண்டிலை ஒருபக்கம் முழுக்கத் திருப்பி, எதிர்க்கையால் கிளட்சையோ ஆக்சிலரேட்டரையோ வசதியாக இயக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் யூ-டர்ன் எடுக்கும்போதெல்லாம் சிரமம்தான்.

பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பல க்ரூசர்களில் பின்சீட் பெயருக்குத்தான். தேவையில்லாததையெல்லாம் கழற்றிய தோற்றத்தில் வரும் பாபர் வகைகளில் பெரும்பாலும் அதுவும் இல்லை. பின்னால் உட்காருபவருக்கு முதுகு சாயும் சப்போர்ட் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டர் திருகும்போதும் அவர் பயப்படுவார். அவருக்குப் பிடிக்காத வண்டி வீட்டில் நிம்மதியாக நிற்காது.

படி 4: தள்ளிப் பாருங்கள்

என்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை. பலர் செய்வதில்லை, விற்பவரும் சொல்லமாட்டார். வண்டியைச் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். பத்தடி முன்னால் தள்ளுங்கள், பத்தடி பின்னால் இழுங்கள். முடிந்தால் லேசான சரிவில், முன்சக்கரம் இறக்கத்தைப் பார்த்திருக்க, பின்னோக்கி ஏற்றிப் பாருங்கள். வீட்டு வாசலிலும் அலுவலக பார்க்கிங்கிலும் தினமும் செய்யப்போவது இதைத்தான்.

ரெபெல் 500 சுமார் 190 கிலோ. சூப்பர் மீட்டியோர் 650 சுமார் 241. ஹார்லி ஃபேட் பாய் 300-ஐத் தாண்டும். ஓடும்போது க்ரூசரின் எடை தெரியாது, அது தாழ்வாக இருப்பதால் வண்டி இன்னும் நிலையாகவே தோன்றும். நிற்கும்போது, அதுவும் பத்து டிகிரி அதிகமாகச் சாய்ந்துவிட்டால், எடை முழுவதும் ஒரே காலில் வந்து நிற்கும். உங்கள் பார்க்கிங் இடம் சரிவாகவோ, சரளைக்கல்லாகவோ இருந்தால் 250 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கீழே விழுந்த வண்டியைத் தூக்கத் தெரிந்து வைத்துக்கொள்வதும் இதில் சேர்ந்ததுதான். என்ஜினை அணைத்து, கியரில் போட வேண்டும். வலதுபக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை வெளியே நீட்டி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப்பக்கம் சாய்ந்துவிடும். ஹேண்டிலைத் திருப்பி வைத்து, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்பில் இடுப்பை ஒட்டவைத்து, கால் பலத்தால் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். குனிந்து முன்பக்கமாகத் தூக்கினால் முதுகு போய்விடும்.

படி 5: என்ஜினைக் காதால் மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்

க்ரூசருக்குக் குதிரைத்திறன் முக்கியமில்லை என்று சொல்வார்கள், பாதி உண்மை. முக்கியமானது குறைந்த சுழற்சியில் கிடைக்கும் இழுவை, அதாவது டார்க். மீட்டியோர் 350-இன் 27 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 4,000 சுழற்சியிலேயே முழுசாக வந்துவிடும். ட்ரையம்ஃப் ஸ்பீட்மாஸ்டரின் 1,200 சி.சி. என்ஜின் அதே 4,000-இல் 106 தரும். அடிக்கடி கியர் குறைக்காமலேயே வண்டி முன்னே நகரும். க்ரூசரின் சுகம் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் உங்கள் நெடுஞ்சாலை வேகம் என்ன என்பதைப் பொறுத்துச் சி.சி. தேவை மாறும். 20 குதிரைத்திறன் வண்டி 80, 90 கி.மீ. வேகத்தில் சந்தோஷமாகப் போகும். 110-ஐத் தொட்டால் மூச்சு வாங்கும், லாரியைத் தாண்ட முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஆள் ஏற்றி, பை கட்டி, 110-இல் நாள் முழுக்கப் போக வேண்டும் என்றால் 500 சி.சி.க்கு மேலே பாருங்கள். 900, 1,200 எல்லாம் ஆசையின் கணக்கு. ஆசைப்படலாம், தேவை என்று வீட்டில் சொல்ல வேண்டாம்.

அப்புறம் அந்தச் சத்தம். ஹார்லியின் 45 டிகிரி வி-ட்வினில், அதாவது இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் நிற்கும் என்ஜினில், இரண்டு பிஸ்டனும் கிராங்க் தண்டின் ஒரே பின்னில் இணைந்திருப்பதால் வெடிப்பு சம இடைவெளியில் நடக்காது; 315 டிகிரிக்கு ஒன்று, அப்புறம் 405 டிகிரிக்கு ஒன்று. அந்தத் தடுமாற்றமே அதன் புகழ்பெற்ற தாளம். சூப்பர் மீட்டியோரிலும் ஸ்பீட்மாஸ்டரிலும் இருப்பது பேரலல் ட்வின், அதாவது இரண்டு சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் என்ஜின். 270 டிகிரி கிராங்க் அமைப்பால் வி-ட்வினுக்குப் பக்கத்தில் வரும் சத்தத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ரெபெல் 500, வல்கன் எஸ் இரண்டும் 180 டிகிரி கிராங்க். ஓட்டத்தில் குறையில்லை, ஆனால் காதுக்கு க்ரூசர் போலத் தோன்றாது. சத்தத்துக்காகவே வாங்குபவர் கேட்டுவிட்டு வாங்குங்கள். சைலன்சரை மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கில் மட்டும் வாங்காதீர்கள். கிராங்க் போடும் தாளத்தைச் சைலன்சர் மாற்றாது. உரத்த சைலன்சர் பல இடங்களில் சட்டச் சிக்கலையும் கொண்டுவரும்.

சூடு பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. காற்றால் குளிரும் பெரிய வி-ட்வினில் பின் சிலிண்டர் உங்கள் தொடைக்கு நேர் கீழே இருக்கும். நெரிசலில் நின்றால் காற்றோட்டம் இல்லாமல் அது அடுப்பாகிவிடும். ஹார்லியின் பெரிய என்ஜின்களில், வண்டி நின்றபடி சூடேறும்போது பின் சிலிண்டரை நிறுத்திவைக்கும் ஏற்பாடே இருக்கிறது என்றால் பிரச்சினையின் அளவு புரியும். சூடான ஊரில் நெரிசலில் ஓட்டுபவருக்கு, சிறிய சிங்கிள் சிலிண்டரோ தண்ணீரால் குளிரும் என்ஜினோ நல்லது. ரேடியேட்டர் தெரிவது தோற்றத்தைக் கெடுக்கிறது என்ற புலம்பலைத் தொடையிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 6: சக்கரம், செயின், பிரேக், டேங்க்

கம்பி ஸ்போக் சக்கரம் அழகு. ஆனால் பெரும்பாலும் உள்ளே ட்யூப் இருக்கும். ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் சாலையோரத்திலேயே செருகி அடைத்துவிட்டுப் போகலாம். ட்யூப் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். 240 கிலோ வண்டியில் இரவு நேரத்தில் அதை நினைத்துப் பாருங்கள். தூரப் பயணம் போகிறவர் என்றால் அலாய் சக்கரமே என் சிபாரிசு, மனது கொஞ்சம் வலித்தாலும்.

செயின் என்றால் 500 முதல் 1,000 கி.மீ.க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட வேண்டும். மாற்றும் செலவு குறைவு. பெல்ட் என்றால் சத்தமும் அழுக்கும் இல்லை, பல்லாயிரம் கி.மீ. ஓடும், ஆனால் சிறு கல் ஒன்று சிக்கினால் கிழியலாம். மாற்றும்போது சில மாடல்களில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மையே கழற்ற வேண்டியிருக்கும். சரளைக்கல் பாதையில் அடிக்கடி போகிறவர் செயினோடு இருப்பதே நல்லது.

நீளமும் தாழ்வும் இருப்பதால் க்ரூசரில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே பாய்வது குறைவு. ஆகவே பின் பிரேக் மற்ற வண்டிகளைவிட நன்றாக உதவும். முன் பிரேக்தான் முக்கியம் என்பது மாறாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாத வண்டியை, எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தாலும், யோசித்து வாங்குங்கள்.

டேங்க் அளவைப் பார்க்க மறக்காதீர்கள். ரெபெலில் 11.2 லிட்டர். லிட்டருக்கு 25 கி.மீ. என்றால் 280 கி.மீ.; பாதுகாப்புக்கு மிச்சம் வைத்தால் 220, 230-இல் பங்க் தேட வேண்டும். ஹார்லி ஃபார்ட்டி-எய்ட்டில் 7.9 லிட்டர்தான்.

தரை இடைவெளியும் சாய்வும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. மீட்டியோர் 350-இல் 170 மி.மீ. இடைவெளி, சூப்பர் மீட்டியோரில் 135. உயரமான வேகத்தடைகள் உள்ள பகுதியில் 135 என்பது கவனமாகப் போக வேண்டிய எண். வளைவில், பல ரோட்ஸ்டர்கள் க்ரூசரைவிட அதிகமாகச் சாய்ந்தாலும் தாங்கும். பல க்ரூசர்களில் 30 டிகிரி அருகிலேயே ஃபுட்பெக் தரையை உரச ஆரம்பிக்கும். அது ஒரு எச்சரிக்கை மணி. பதறி பிரேக் போட்டால்தான் ஆபத்து. மலைப்பாதையில் வேகமாக வளைவது பிடித்தவருக்கு இந்த வகை வண்டி ஏமாற்றம் தரும்.

படி 7: ஓட்டிப் பார்ப்பது எப்படி

ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வருவது டெஸ்ட் ரைடு ஆகாது. குறைந்தது நாற்பது நிமிடம் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் அதே மாடலை வாடகைக்கு எடுத்து ஒரு நாள் ஓட்டுவது, தவறான வண்டியை வாங்கி விற்பதைவிட எவ்வளவோ மலிவு.

எங்கே ஓட்டுவது? தொடக்கத்தில் சொன்ன அந்த மோசமான கால்மணி நேரச் சாலையில்தான், முடிந்தால் அதே நேரத்தில். நடைவேகத்தில் கிளட்சைப் பாதி பிடித்தபடி ஊருங்கள். ஒரே வீச்சில் யூ-டர்ன் எடுத்துப் பாருங்கள். மோசமான தெருவில் சீட்டில் அழுந்தி உட்கார்ந்தபடியே போங்கள், உடம்பைத் தூக்கிச் சமாளிக்க முயல வேண்டாம். பின்னால் ஆளை ஏற்றி ஒரு வேகத்தடை. அப்புறம் நெடுஞ்சாலையில் உங்கள் வழக்கமான வேகத்தில் பத்து நிமிடம். கால் முன்னே, கை விரிந்து இருப்பதால் காற்று நேராக மார்பில் மோதும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துத் தொங்குகிறீர்களா என்று கவனியுங்கள். அப்படியென்றால் காற்றைத் தடுக்கும் முன் கண்ணாடி இல்லாமல் அந்த வண்டியில் தூரப் பயணம் கிடையாது. கண்ணாடிகள் அதிர்ந்து பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரிகிறதா, ஃபுட்பெக்கில் கால் மரக்கிறதா என்பதையும் அந்த வேகத்திலேயே பாருங்கள்.

இறங்கியதும் முடிவு சொல்லாதீர்கள். மறுநாள் காலையில் எழும்போது முதுகும் மணிக்கட்டும் என்ன சொல்கின்றன என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

படி 8: வாங்கிய பின் வரும் செலவு

வண்டி விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவது வீண். காப்பீடு, வருடச் சர்வீஸ், ஒரு ஜோடி டயர் இந்த மூன்றின் விலையையும் உங்கள் ஊரில் விசாரித்து எழுதுங்கள். டயரில் சிலர் அதிர்ந்துபோவார்கள். மீட்டியோரின் 140/70-17 பின் டயர் எங்கும் கிடைக்கும். ஃபேட் பாயின் 240 மி.மீ. அகல டயருக்குக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். சர்வீஸ் மையம் எத்தனை கி.மீ. தொலைவில் இருக்கிறது, பொதுவான உதிரிபாகங்கள் வர எத்தனை நாள் ஆகிறது என்று ஏற்கெனவே அந்த வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். விற்பனையாளரிடம் கேட்டால் எல்லாம் உடனே கிடைக்கும்.

க்ரூசர் வாங்குபவர் அதோடு நிற்பதில்லை என்பதும் தெரிந்ததே. முதுகுச் சாய்மானம், முன் கண்ணாடி, பைகள், கிராஷ் கார்டு என்று பட்டியல் நீளும். இதில் எது இல்லாமல் வண்டி உங்களுக்குப் பயன்படாதோ அதை வண்டி விலையிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ இவற்றுக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கிவையுங்கள், மிச்சத்தில்தான் வண்டி. க்ரோம் பூச்சைத் துடைக்கும் நேரமும் ஒரு செலவுதான். கடலோரத்திலோ திறந்தவெளியிலோ நிறுத்துபவர் க்ரோம் குறைந்த, கறுப்புப் பூச்சுள்ள பதிப்பைப் பாருங்கள்.

உங்கள் உரிமம் அந்த அளவு வண்டிக்குச் செல்லுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் சக்தியைப் பொறுத்து உரிமம் மாறும்.

படி 9: புதுசா, செகண்ட் ஹேண்டா?

செகண்ட் ஹேண்டில் வாங்க க்ரூசர் நல்ல வகை. ஆசையாக வாங்கி, வார இறுதியில் மட்டும் எடுத்து, கொஞ்சம் ஓட்டி விற்பவர்கள் அதிகம். ஆனால் அதிகம் ஓடாத வண்டிக்கும் அதற்கே உரிய நோய்கள் உண்டு: டேங்கின் உள்ளே துரு, செத்துப்போன பேட்டரி, இறுகிப்போன ரப்பர். கி.மீ. குறைவு என்பதையே பெரிய தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போவதற்கு முன், என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போனதும் கையால் தொட்டுப் பார்த்து, ஆறியிருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆகும் விதம், முதல் புகை, தட்டும் சத்தம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. டயருக்கு ஆறேழு வயது என்றால் தேய்மானம் இல்லாவிட்டாலும் மாற்றும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள்; நடுவில் சிக்கினால் அதன் பேரிங் போயிருக்கிறது. ஃபுட்பெக் முனை, லீவர் முனை, சைலன்சர் ஓரம் இவை உரசியிருந்தால் வண்டி விழுந்திருக்கிறது. நின்ற இடத்தில் விழுந்ததா, ஓட்டத்தில் விழுந்ததா என்று கேளுங்கள். பெல்ட் வண்டி என்றால் பற்களைத் திருப்பித் திருப்பி விரிசல் பாருங்கள்.

க்ரூசருக்கே உரிய இன்னொரு ஆபத்து, மாற்றங்கள். உயர்ந்த ஹேண்டில்பார் போட்டவர் பிரேக் ஒயரையும் வயரிங்கையும் ஒழுங்காக நீட்டினாரா, சைலன்சர் மாற்றியவர் எரிபொருள் அமைப்பைச் சரிசெய்தாரா, கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒருவரின் ரசனைக்காக வெட்டி ஒட்டிய வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. ஆவணங்களில் பெயர், சேஸிஸ் எண், கடன் பாக்கி இவை சரியாக இல்லை என்றால் வண்டி தங்கமாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

படி 10: முடிவும் முதல் வாரமும்

இத்தனைக்கும் பிறகு எனக்குத் தோன்றுவது இது. முதுகு வலி உள்ளவர், மோசமான சாலையில் தினமும் போகிறவர், வளைவுகளில் வேகம் ரசிப்பவர், வண்டி நிறுத்த நெருக்கமான சரிவு மட்டுமே உள்ளவர், இவர்களுக்கு ரோட்ஸ்டர் போதும். சமமான சாலை, நிதான வேகம், தரையில் முழுசாகப் பதியும் பாதம், அவசரமில்லாத மனசு என்றால் க்ரூசர் நிச்சயம் பொருந்தும். முதல் க்ரூசர் என்றால் 350 முதல் 650 சி.சி.க்குள், நடு அமைப்பு ஃபுட்பெக், அலாய் சக்கரம், ஏ.பி.எஸ். உள்ளதாக எடுங்கள். முன் அமைப்பும் அகல டயரும் இரண்டாவது வண்டிக்கு இருக்கட்டும். இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஊசலாடினால், தள்ளும்போது எது சுலபமாக இருந்ததோ அதை எடுங்கள்.

வாங்கியதும் பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கத்தை உங்கள் எடைக்கு ஏற்றபடி வைக்கச் சொல்லுங்கள். இரட்டை ஷாக் உள்ள வண்டியில் இதற்கென ஒரு ஸ்பேனரே போதும், ஐந்து நிமிட வேலை. கம்பெனி வைத்து அனுப்பிய நிலையிலேயே வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு "குலுக்குகிறது" என்பவர்கள் நிறைய. கிளட்ச், பிரேக் லீவர்களையும் கியர் லீவரையும் உங்கள் ஷூவுக்கும் விரலுக்கும் ஏற்ப நகர்த்துங்கள். அப்புறம் ஆளில்லாத ஒரு மைதானத்துக்குப் போய், பின் பிரேக்கை லேசாக மிதித்து, கிளட்சைப் பாதி பிடித்து, போக வேண்டிய திசையைப் பார்த்தபடி இரண்டு பக்கமும் யூ-டர்ன் பழகுங்கள். அதே மைதானத்தில் 40 கி.மீ. வேகத்திலிருந்து ஏ.பி.எஸ். இயங்கும் அளவுக்கு அழுத்தி நிறுத்திப் பாருங்கள். லீவர் கையில் துடிப்பது எப்படி இருக்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும். ரன்-இன், அதாவது புது என்ஜின் பழகும் தொடக்க ஓட்டம், முடியும் வரை கையேடு சொல்லும் வேகத்தைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடித்து ஓட்டாமல் பார்த்துக்கொண்டால் முதல் சர்வீஸுக்கு வண்டி தயார்.